செங்கல் சுவரைக் கொல்வது எப்படி?

ரொம்பச் சுலபம். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், ஒரு டின் சிவப்புப் பெயிண்ட், வெள்ளைக் கோடு இழுக்க ஒரு சின்னப் பிரஷ், இரண்டு கொத்தனார், நாலு சித்தாள். இவ்வளவுதான். சுவர் அன்றைக்கே சாகாது. பத்து இருபது மழைக்காலம் பிடிக்கும். அதற்குள் பில் பாஸாகியிருக்கும், காண்ட்ராக்டர் வேறு ஊரில் வேறு சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். கொலைக்குச் சாட்சி கிடையாது.

மிகைப்படுத்தலாகத் தெரிந்தால், நூறு வயதைத் தாண்டிய சிவப்புச் செங்கல் கட்டடம் எதன் பக்கத்திலாவது போய் நின்று பாருங்கள். பழைய கலெக்டர் ஆபீஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ், மிஷன் பள்ளிக்கூடம், ஏதோ ஒன்று. தூரத்தில் இருந்து கம்பீரமாகத்தான் இருக்கும். கிட்டே போனால், செங்கல்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சிமெண்ட் கோடுகள் விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். கோடு மட்டும் போட்டபடியே இருக்கும். செங்கல்தான் உள்வாங்கிக் குழி விழுந்திருக்கும். விரலால் தேய்த்தால் செந்தூள் கொட்டும். ஏன் இப்படி என்று கேட்டால், "பழைய செங்கல் சார், வயசாயிடுச்சு" என்பார்கள்.

வயதா காரணம்? அதே கட்டடத்தின் பின்பக்கத்துக்குப் போங்கள். யாரும் எட்டிப் பார்க்காத, ரிப்பேருக்கு ஒரு பைசா ஒதுக்கப்படாத மூலையில் ஒரு சுவர் இருக்கும். சந்துகளில் காரை உதிர்ந்து ஓட்டை ஓட்டையாக இருக்கும், பார்க்கவும் அசிங்கமாக இருக்கும். ஆனால் செங்கல்லின் விளிம்பு மட்டும் கூர் மழுங்காமல் இருக்கும். அதே சூளை, அதே வயது, அதே மழை. கவனிக்கப்படாத சுவர் பிழைத்துக்கொண்டது. கவனிக்கப்பட்ட சுவர்தான் செத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் 1879ல் கட்டி முடிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் 1892ல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்துச் செங்கல் கட்டு எல்லாமே சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்றாலும், இந்தியாவில் அதைச் செய்து பார்க்கும் முதல் முயற்சி 1904ல் சென்னையில்தான் நடந்தது. கிளிஞ்சலை வைத்துச் செய்தார்கள், நிலைக்கவில்லை. 1914ல் போர்பந்தரில் ஆலை வந்த பிறகுதான் உற்பத்தி கால் ஊன்றியது. ஆகவே முதல் உலகப் போருக்கு முந்தைய செங்கல் சுவர் என்றால் அது சுண்ணாம்புச் சுவர் என்றே வைத்துக்கொள்ளலாம். மதுரையில் காளவாசல் என்றும் சென்னையில் சூளை என்றும் இன்றைக்கும் பஸ் நிறுத்தம் இருக்கிறது. சுண்ணாம்பும் செங்கல்லும் சுட்ட இடங்களின் பெயர்கள்தான் அவை.

சுண்ணாம்புச் சாந்து மெத்தென்று இருக்கும். அது குறையில்லை, அதற்காகத்தான் அது. இந்தியத் தர நிர்ணயப்படி, கட்டடச் செங்கல்லின் ஆகக் கீழ் வகுப்பு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்கினால் போதும். கையால் அறுத்து விறகில் சுட்ட பழைய நாட்டுச் செங்கல் பலவும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். சுண்ணாம்புச் சாந்து ஒன்றிரண்டைத் தாண்டாது. ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையோ பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். "அப்படியானால் சிமெண்ட்தானே பலம்?" என்று யாராவது கேட்டால், அங்கேதான் கோளாறே ஆரம்பிக்கிறது. செங்கல்லைவிடச் சாந்து பலமாக இருக்கக் கூடாது. வெயிலில் சுவர் விரியும், இரவில் சுருங்கும், அஸ்திவாரம் கொஞ்சம் அசையும். சந்தில் இருப்பது மெத்தென்ற காரையாக இருந்தால் அசைவை அது வாங்கிக்கொள்ளும். கல் மாதிரி சிமெண்டாக இருந்தால் செங்கல்தான் விளிம்பில் நசுங்கித் தெறிக்கும்.

இதைவிடப் பெரிய கதை தண்ணீர். சுவருக்குள் ஈரம் வராமல் தடுக்க யாராலும் முடியாது. தரையில் இருந்து ஏறும், மழையில் நனையும், கடற்கரைக் காற்றில் வரும். உள்ளே வந்தது வெளியே போக வழி வேண்டும். பழைய சுவரில் அந்த வழி சந்தில் இருக்கும் காரை. ஈரம் அதன் வழியாக ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு காரையிலேயே பூத்து, காரையையே அரித்து உதிர்க்கும். செங்கல்லுக்குச் சேதமில்லை. நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை அந்தக் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சுண்ணாம்பு வைத்தால் சுவர் மறுபடியும் புதுச் சுவர்தான். அந்தச் சந்தைச் சிமெண்டால் அடைத்தால்? ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். உப்பு செங்கல்லின் தோலுக்கு அடியில் போய்ப் படிகமாகும். படிகம் வளர வளர மேல்தோல் வெங்காயச் சருகு போலக் கழன்று விழும். மழைக்குப் பிறகு சுவர் "உப்பு பூத்திருக்கு" என்று சொல்வார்களே, அதன் அடுத்த கட்டம் இது. செங்கல்லின் வெளித்தோல்தான் சூளையில் நன்றாக வெந்த பகுதி. அது போய்விட்டால் உள்ளே இருக்கும் வேகாத சதை வருடா வருடம் கரையும்.

இங்கேதான் கணக்கியல் வருகிறது. பி.காம். முதல் வருடத்தில் எல்லோரும் படிப்பதுதான். முதலினச் செலவு என்று ஒன்று, வருவாயினச் செலவு என்று ஒன்று. இயந்திரம் வாங்குவது முதலாவது, அதற்கு எண்ணெய் போடுவது இரண்டாவது. லாபம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போடாமல் விட்டால் இந்த வருடக் கணக்கு அழகாக இருக்கும், இயந்திரம் போய்விடும். சுண்ணாம்புச் சுவரைக் கட்டியவர்கள் இந்தப் பாடத்தைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். செங்கல் முதல், காரை செலவு. தேய்மானம் முழுவதும் மலிவான காரையின் தலையில் விழும்படியும், விலை மதிப்புள்ள செங்கல் தொடப்படாமல் இருக்கும்படியும் ஏற்பாடு. சிமெண்ட் பாயிண்டிங் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. செலவாக வேண்டியதை நிரந்தரமாக்கி, முதலாக நிற்க வேண்டியதைத் தேய விடுகிறது. ஒரு கம்பெனி முதலில் இருந்து எடுத்து டிவிடெண்ட் கொடுத்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? சுவருக்கு ஆடிட்டர் இல்லை.

இருக்கிறாரே, பில்லைச் சரிபார்க்க ஒருவர் இருக்கிறாரே என்றால், அவர் பார்ப்பது சதுர மீட்டரை. பாயிண்டிங் வேலைக்கு ரேட் சதுர மீட்டர் கணக்கில்தான். எவ்வளவு ஆழம் சுரண்டினார்கள் என்பதை முடிந்த பிறகு எவரும் அளக்க முடியாது. உதிர்ந்த காரையைச் சந்தின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டர் சந்து என்றால் ஒரு அங்குலம். அதையும் சின்ன உளி வைத்துக் கையால். கிரைண்டர் வைத்து அறுத்தால், படுக்கை வரிசையில் கூடத் தப்பிக்கலாம், செங்குத்துச் சந்துகளில் பிளேடு மேலும் கீழும் இருக்கும் செங்கல்லைக் கண்டிப்பாக வெட்டும். பிறகு தூசியை ஊதி, தண்ணீர் தெளித்து, புதுச் சாந்தை ஒரே அமுக்கில் திணிக்காமல் மெல்லிய அடுக்குகளாக வைத்து அழுத்த வேண்டும். அதற்கப்புறம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு நாள்கணக்கில் காய விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சுண்ணாம்பு இறுகுவது காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் குடித்து. அதற்கு ஈரமும் வேண்டும், நேரமும் வேண்டும். சித்திரை வெயிலில் அப்படியே விட்டால் இறுகுவதற்கு முன்பே காய்ந்து மாவாகிவிடும்.

இந்த உழைப்பு எல்லாவற்றுக்கும் கிடைக்கும் சதுர மீட்டரும், பழைய காரையின் மேலேயே கால் அங்குலச் சிமெண்டை இழுகிவிட்டுப் போகிறவருக்குக் கிடைக்கும் சதுர மீட்டரும் ஒன்றே. டெண்டரில் குறைந்த ரேட் யாருடையதாக இருக்கும் என்று கண்டுபிடிக்கப் பரிசு எதுவும் கிடையாது. இதோடு மார்ச் 31 வேறு. பணம் ஒதுக்கி, கோப்பு நகர்ந்து, வேலை உத்தரவு கைக்கு வரும்போது பொங்கல் முடிந்திருக்கும். நிதியாண்டுக்குள் செலவழிக்காவிட்டால் தொகை திரும்பிப் போய்விடும். சிமெண்ட் மறுநாளே கெட்டியாகி நிற்கும், போட்டோ எடுத்து பில்லோடு வைக்கலாம். சுண்ணாம்புக்கு நிதியாண்டு தெரியாது.

கொத்தனார்களைக் குறை சொல்லிப் பலனில்லை. அவர்களுக்கு எதற்குக் கூலி தரப்படுகிறதோ அதைத்தான் செய்கிறார்கள். "சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இப்போது எங்கே?" என்பது எல்லா ஆபீஸிலும் தயாராக இருக்கும் பதில். சேப்பாக்கம் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் அதில் உயிரிழந்தார். இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதே கட்டடத்தைப் பொதுப்பணித்துறைதான் பிறகு சுண்ணாம்புச் சாந்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து எழுப்பி நிறுத்தியது. ஆக, துறைக்கும் தெரியும், ஆளும் கிடைப்பார்கள், எஸ்டிமேட்டும் போட முடியும். எரிந்து சாம்பலான பிறகுதான் செய்வோம் என்பதில் என்ன நியாயம்?

(கடுக்காய் என்றதும் முட்டையின் வெள்ளைக்கரு, கருப்பட்டி, முன்னோர் ரகசியம் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். ஃபார்வர்ட் மெசேஜ் தயாராகிவிடும். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பை நன்றாக நீற்றுப் புளிக்க விட்டதும், நாள்கணக்கில் அரைத்ததும், அவசரப்படாததும்தான் பெரும்பகுதி. அவசரப்படாத முன்னோரைப் புகழ்ந்துவிட்டு அவசரமாக சிமெண்ட் போடுவதில் யாருக்கும் கூச்சமில்லை.)

இப்போது நிறத்துக்கு வருவோம். ரிப்பேரில் நடக்கும் இரண்டாவது அநியாயம் இதுதான், முதலாவதை மூடி மறைப்பதும் இதுதான். சாம்பல் சிமெண்ட் கோடு கண்ணை உறுத்துகிறது, திட்டுத் திட்டாகத் தெரிகிறது. உடனே முழுச் சுவருக்கும் சிவப்புப் பெயிண்ட். செங்கல்லுக்கே செங்கல் நிறம்! அப்புறம் சந்து எங்கே என்று தெரியாமல் போய்விட்டதால், ஸ்கேல் வைத்து வெள்ளைக் கோடு. சில இடங்களில் அந்தக் கோடு உண்மையான சந்தின் மேல்கூட விழுவதில்லை. வரிசை எண்ணிக்கையே மாறிப்போய், உள்ளே பத்து வரிசை, வெளியே எட்டு வரிசை. விழா நாளில் பளபளவென்று இருக்கும். எனாமலோ பிளாஸ்டிக் எமல்ஷனோ, இரண்டும் சுவருக்கு ரெயின்கோட் மாட்டிவிட்ட மாதிரி. சந்தை அடைத்தது போதாது என்று செங்கல்லின் மூச்சையும் அடைத்தாயிற்று. உள்ளே ஈரம் தேங்கி, அடுத்த மழைக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உரியும்போது செங்கல்லின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். மறுபடி ஒரு கோட்டிங்.

சுவருக்குச் சாயம் போடுவதே தப்பு என்று வாதாட வேண்டியதில்லை. பொய்க்கோடும் புதிதில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கோணல்மாணல் செங்கல்லை விலை உயர்ந்த வழவழப்புச் செங்கல் மாதிரி காட்ட, செங்கல் நிறத்திலேயே சாந்து வைத்து நிரப்பி, அதன் நடுவே நூல் போல வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒட்டுவார்கள். அதுவும் ஏமாற்றுதான். ஆனால் அந்த ஏமாற்று சுண்ணாம்பாலும் மண் சாயத்தாலும் ஆனது. சுவர் மூச்சுவிட்டது. பார்ப்பவரை ஏமாற்றினார்கள், சுவரை ஏமாற்றவில்லை.

பழைய சாந்தோடு புதுச் சாந்து நிறம் சேர வேண்டும் என்றால் அதற்கு வழி டப்பாவில் இல்லை, மணலில் இருக்கிறது. சாந்தின் நிறத்தைத் தருவது முக்காலே மூணு வீசம் மணல்தான். பழைய காரையில் மழை படாத உட்பகுதியில் ஒரு துண்டு பெயர்த்து, நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து, மணல் அடியில் தங்கும். அதன் நிறத்தையும் பருமனையும் கண்ணால் பார்த்து, அதற்கு நெருக்கமான மணலைத் தேட வேண்டும். கிளிஞ்சல் துண்டு இருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதால், போடும் முன்பே ஒரு லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டுப் பழைய காரையில் பெரும்பாலும் வெளிர் மஞ்சளுக்கும் பாலாடை நிறத்துக்கும் நடுவே ஒரு நிறம், அதில் சிவப்புப் பொட்டுகள். பொட்டுகள் செங்கல் தூள், சுர்க்கி என்பார்கள். அது நிறத்துக்காக மட்டும் போட்டதில்லை. சுண்ணாம்போடு வினை புரிந்து ஈரத்திலும் சாந்தை இறுக வைக்கும்.

இன்றைக்கு ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறார்கள். கருங்கல்லை உடைத்த தூள், சாம்பல் நீலம். அதில் எவ்வளவு நல்ல சுண்ணாம்பு கலந்தாலும் பழைய சுவரில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரிதான் தெரியும். இந்த இடத்தில் சாயம் உதவும். காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடு மண் சாயங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், வெயிலில் வெளுக்காது. சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாந்து பலமிழக்கும். ஒவ்வொரு கலவைக்கும் தராசில் நிறுத்துப் போட வேண்டும். "ஒரு கை அள்ளிப் போடு" என்றால் தெற்குச் சுவர் ஒரு நிறம், வடக்குச் சுவர் ஒரு நிறம். இன்னொன்று, ஈரச் சாந்தின் நிறத்தைப் பார்த்து ஓகே சொல்லக் கூடாது. சுண்ணாம்பு காய்ந்தால் பல மடங்கு வெளுக்கும். மேலே கறுத்துப் போன பழைய காரையோடு ஒப்பிடவும் கூடாது. அது நூறு வருடப் பாசியும் புகையும். அந்தக் கறுப்பைச் சாயத்தில் கொண்டுவந்தால் புதுச் சாந்து பிறந்தவுடனே கிழவனாகிவிடும். சுத்தமான பழைய உடைப்போடு பொருத்திவிட்டு மிச்சத்தைக் காலத்திடம் விடலாம். காசு வாங்காமல் செய்யும்.

சிமெண்டையே ஒழிக்க வேண்டும் என்பது வாதமில்லை. சிமெண்டில் கட்டிய சுவரைச் சிமெண்டால் ரிப்பேர் செய்வதுதான் சரி. இயந்திரச் செங்கல்லுக்கு அது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே சிமெண்ட் போட்டுக் கெடுத்த பழைய சுவரிலும், எல்லாவற்றையும் நாளைக்கே பெயர்த்து எறிவோம் என்று கிளம்பினால் அது மூன்றாவது அநியாயம். மேலோட்டமாக இழுகிய சிமெண்ட் பெரும்பாலும் தட்டினால் கழன்றுவிடும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டதை இடித்தால் செங்கல் விளிம்பும் கையோடு வரும். அந்த இடத்தில் விட்டுவிட்டு, அதுவாக விடும் வரை காத்திருப்பதே நல்லது.

கேட்பது இரண்டு மூன்று வரி மாற்றம்தான். டெண்டரில் பாயிண்டிங் என்ற தலைப்பின் கீழ் ஆழம் எவ்வளவு என்று ஒரு எண் வேண்டும். சுரண்டி முடித்த பிறகு, நிரப்புவதற்கு முன்பு, அளந்து பதிவு செய்ய ஒரு கட்டம் வேண்டும். அந்தச் சுரண்டலுக்குத் தனி ரேட் வேண்டும், அப்போதுதான் ஆழமாகச் செய்கிறவர் நஷ்டப்பட மாட்டார். சாந்து 'சிமெண்ட் 1:3' என்று அச்சடித்து வைத்திருக்கும் இடத்தில் சுண்ணாம்பு என்று வர வேண்டும். அதற்கு ஐ.எஸ். 712 என்று தர நிர்ணயமே இருக்கிறது. புரட்டிப் பார்த்தால் போதும். வேலை தொடங்கும் முன் சுவரின் ஒரு மூலையில் மூன்று நான்கு கலவைகளை ஒரு சதுர அடி அளவுக்கு வைத்துக் காட்ட வேண்டும். அதை ஒரு வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகை முழுக்க நனைய விட வேண்டும். தை பிறந்த பிறகு எது நின்றது, எது நிறம் சேர்ந்தது என்று பார்த்து முடிவு செய்து, அந்த வருட நிதியிலேயே வேலையைத் தொடங்கலாம். பிடித்தம் தொகையை அதற்கடுத்த மழை முடியும் வரை கையில் வைத்திருக்கலாம். சிவப்புப் பெயிண்டுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் தனியாக ஒரு ஐட்டம் இருக்கும், கடைசிப் பக்கத்தில். அதை அடித்துவிட்டு, அந்தத் தொகையை முதல் பக்கத்தில் உளிக்காரர் கூலியோடு சேர்க்க வேண்டும்.